மதியத்துக்கு மேல் உறங்கும் பெடல்

மூன்று மிதிகள் கொண்ட கறுப்புப் பலகை அது. செங்கல்லைவிடக் கொஞ்சம் அகலம், எடை ஏறக்குறைய அதே. வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர், பின்பக்கம் ஒரு யூ.எஸ்.பி. வயர். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவர்கள் அதை மேசைக்கு அடியில் வைத்துக் காலால் இயக்குவார்கள். இடது மிதியை அழுத்தினால் பதிவு பின்னால் ஓடும். நடு மிதிக்கு ஓடும், நிற்கும். வலது மிதிக்கு முன்னால் தாவும். மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில், இத்தாவின் மேசைக்கு அடியில், நடு மிதி மட்டும் வேலை செய்தது.

இத்தா என்று நான் கூப்பிடுவது கீழ்வீட்டுக்காரரை. இங்கே முஸ்லிம் வீடுகளில் மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்பது. அவர் கணவர் இக்கா. பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் வந்திறங்கும் ஒரு கோடவுனில் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தது. வீட்டுக்குள் பேசுவது தமிழ், பத்திரிகை படிப்பது மலையாளம். நான் தமிழ்ப் பத்திரிகையில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் இத்தா சொன்னார்: "அப்போ நீ எழுதினதை நீயே வந்து வாசிச்சுக் காட்டணும் மோளே. எனக்குத் தமிழ் வாயில உண்டு, கண்ணுல இல்ல." மோளே என்றால் மகளே.

இத்தா தட்டச்சு செய்வது ஆங்கிலத்தில். நோயாளியைப் பார்த்து முடித்ததும் டாக்டர்கள் வாயால் பதிந்து வைக்கும் குறிப்புகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை. எறணாகுளத்தில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே பன்னிரண்டு வருடம் செய்தார். பிறகு ஒரு நாள் குளியலறையில் வாளியைத் தூக்கப் போனவரின் கை தூக்கவில்லை. பக்கவாதம். சிகிச்சையில் வலது கால் பெரும்பாலும் திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. விரல்கள் மடங்கும், மடங்கச் சொன்ன நேரத்தில் மடங்காது.

ஒன்றரை வருடம் கழித்து அந்த நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ஆறு மாதம் பாதி வேலை. அதற்குள் பழைய அளவை எட்டிவிட்டால் பழைய பட்டியலில் பெயர் ஏறும். மூன்று முறை குறித்த நேரத்துக்குள் அனுப்பத் தவறினால் ஏற்பாடு அன்றோடு முடியும். இதைச் சொல்லும்போது இத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையால் விசைப்பலகையில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடது கை ஒன்றால் தட்டச்சு செய்ய அவர் பழகியிருந்தார். வேகம் ஆச்சரியப்படும்படி இருந்தது. ஆனால் ஒரு டாக்டர் வேகமாகப் பேசினால் பதிவை நிறுத்த வேண்டும், பின்னால் ஓட்ட வேண்டும், மறுபடி ஓட விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரே கை எழுத்தை விட்டு எழுந்து போக வேண்டும்.

"ஒரு கையை ரெண்டு வேலைக்கு வெச்சா ரெண்டும் பாதிதான் நடக்கும்" என்றார். "காலு சும்மாதானே இருக்கு. அதுவும் கொஞ்சம் சோறு சம்பாதிக்கட்டும்."

அப்படித்தான் பெடல் வந்தது. இணையத்தில் வாங்கியது. திருப்பி அனுப்பவும் வழியில்லை. வந்த அன்றே இக்கா அதன் அட்டைப்பெட்டியை வெட்டி, மழையில் நனைந்த செருப்புகளை வைக்கக் கதவோரம் போட்டுவிட்டார்.

இத்தாவின் மடிக்கணினி பழையது. விலை கொடுத்து வாங்கும் இயங்குதளத்தின் புதிய பதிப்பு அதில் ஏறாது. அதனால் கடைக்காரர் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் படிப்பதும் அதில்தான் என்பதால் வீட்டில் யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை. நிறுவனத்தின் பக்கம் உலாவியில் திறக்கும். எந்தக் கணினி என்று அது கேட்பதில்லை. பாதுகாப்புக்காக ஒன்றை மட்டும் கேட்கும்: கணினிக்கு வந்த புதுப்பிப்புகள் எல்லாம் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். நோயாளிகளின் விவரம் என்பதால் அது நியாயமான விதி. அந்த நியாயமான விதிதான் பிறகு எங்களைப் படுத்தியது.

என்னைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். நாளிதழில் துணை ஆசிரியராக இருந்த கடைசி வருடங்களில், பக்கம் கட்டும் கணினிகளைக் கவனிக்கும் பொறுப்பும் என் மேசைக்கு வந்தது. வேறு யாரும் எடுக்காததால் வந்தது. கணவரின் வேலை மாற்றலில் கொச்சிக்கு வந்த பிறகு அதுவே என் தொழிலாகி, வீட்டிலிருந்து சின்னச் சின்னக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஆனால் அதுவரை லினக்ஸின் கெர்னலுக்கு ஒரு வரிகூட அனுப்பியதில்லை.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம். கணினியில் எதைச் செருகினாலும் முதலில் அதனிடம் யார் என்று விசாரிப்பது அதுதான். கருவி தன் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைப் பற்றிக் கெர்னலுக்கு ஏதாவது தெரிந்திருந்தால் அதற்கேற்றபடி நடத்தும். தெரியாவிட்டால் எல்லோருக்கும் காட்டும் பொதுவான மரியாதையோடு நிறுத்திக்கொள்ளும். இத்தாவின் பெடலுக்குக் கிடைத்தது பொதுவான மரியாதை.

தயாரிப்பாளரின் மென்பொருள் லினக்ஸில் ஓடாது. எங்கள் வீட்டில் லினக்ஸ் அல்லாத இன்னொரு மடிக்கணினியில் அதை நிறுவி, வயரில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று பதிவு செய்து பார்த்தேன். விஷயம் எளிமையானது. பெடலுக்கு மின்சாரம் கிடைத்ததும் நடு மிதி மட்டும் விழிக்கிறது. எட்டு எண்கள் கொண்ட ஒரு கட்டளை வந்த பிறகுதான் ஓர மிதிகள் இரண்டும் விழிக்கின்றன. அந்தக் கட்டளையைத் தயாரிப்பாளரின் மென்பொருள் அனுப்பியது. கெர்னல் அனுப்பவில்லை, ஏனென்றால் யாரும் அதற்குச் சொல்லவில்லை.

சொல்லும் ஒரு சிறிய நிரலை எழுதினேன். கருவிக்கும் கெர்னலுக்கும் நடுவே நிற்கும் அப்படிப்பட்ட நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அறுபது வரிகூட இல்லை. இத்தாவின் கணினியில் ஏற்றி, வயரைப் பிடுங்கிச் செருகினேன். அவர் மூன்று மிதிகளையும் வரிசையாக அழுத்தினார். யாரோ ஒரு டாக்டரின் குரல் ஓடியது, பின்னால் போனது, முன்னால் தாவியது.

"நல்லா இருக்கு மோளே" என்றார்.

ஒன்பது நாள் நல்லா இருந்தது. பத்தாம் நாள் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. புதிய கெர்னல் வந்தது. பழைய கெர்னலுக்காக நான் கட்டிய டிரைவர் அதில் இல்லை. காலை எட்டரைக்கு இத்தா உட்கார்ந்தார், ஓர மிதிகள் இறந்து கிடந்தன. நான் அப்போது எறணாகுளம் போகும் படகில் இருந்தேன். வீட்டுக்கு வந்து சரிசெய்தபோது மணி பன்னிரண்டு. முதல் தாமதம் பதிவானது.

புதுப்பிப்பு வரும்போது டிரைவர் தானாகத் தன்னைக் கட்டிக்கொள்ள ஒரு வழி உண்டு. அதைச் செய்து வைத்தேன். அடுத்த முறை அதுவும் காலை வாரியது. இரண்டாவது தாமதம். புதுப்பிப்பை நிறுத்தி வைத்தால் நிறுவனத்தின் பக்கமே திறக்காது. இன்னும் நாலரை மாதம் இருந்தது. இன்னும் ஒரு தாமதம் வந்தால் ஏற்பாடு முடிந்துவிடும்.

"உன்னோட மருந்து நல்ல மருந்துதான்" என்றார் இத்தா. "ஆனா குளிச்சா போயிடுது."

குளித்தாலும் போகாமல் இருக்க ஒரே வழி, அந்த அறுபது வரிகள் கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார்வது. அப்புறம் எந்தப் புதுப்பிப்பு வந்தாலும் டிரைவர் அதோடு சேர்ந்தே வரும். யாரும் அனுப்பலாம், காசு வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். ஆனால் கெர்னலில் இந்த வகைக் கருவிகளுக்கான பகுதியைப் பராமரிக்கிறவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் மின்னஞ்சலில், ஒரு பொதுப் பட்டியலில் நடக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பத்திரிகையில் தவறு அச்சாகி ஊர் பார்த்த பிறகு மறுநாள் ஓரத்தில் திருத்தம் வரும். இங்கே திருத்துவதை ஊர் பார்க்கும். திருத்தி முடித்த பிறகுதான் வெளியீடு.

முதல் முறை அனுப்பியதற்கு இரண்டு நாளில் பதில் வந்தது. அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் எந்த நாட்டுக்காரர் என்று எனக்கு இன்றும் தெரியாது. வாழ்த்து இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. இரண்டு விஷயம் கேட்டிருந்தார். இதைக் கெர்னலுக்கு வெளியே ஒரு சிறு நிரலாக வைத்துக்கொள்ள முடியாதா? மற்ற கருவிகளின் பட்டியலை ஏன் கலைத்து அடுக்கியிருக்கிறீர்கள்?

இரண்டாவது கேள்வியைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. என் கருவியின் எண்ணைச் சேர்க்கப் போன இடத்தில் பக்கத்து வரிகள் ஒழுங்கில்லாமல் இருந்தன. கை சும்மா இருக்கவில்லை. அடுத்தவர் செய்தியைப் பார்த்தாலே பத்தியை மாற்றிப்போடும் பத்திரிகை மேசைப் பழக்கம். ஒரு அனுப்புதலில் ஒரு மாற்றம்தான் என்பது அங்கே முதல் விதி. எடுத்துவிட்டேன்.

முதல் கேள்விக்கு, பயன்படுத்துகிறவர் ஒரு கையால் வேலை செய்கிறவர், வெளியே நிற்கும் நிரல் இரண்டு முறை புதுப்பிப்பில் உடைந்து அவர் வேலைக்கே ஆபத்து வந்திருக்கிறது என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன். உருக்கமாக எழுதவில்லை. நாலு வரி. அதை ஏற்றுக்கொண்டு, திருத்தி மறுபடி அனுப்பச் சொன்னார்.

இரண்டாவது முறை அனுப்பும்போதுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

கெர்னலுக்கு அனுப்பும் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் பெயர்கள் இருக்கும். எழுதியவர், சரிபார்த்தவர், சோதித்தவர். ஒவ்வொருவரும் முழுப் பெயர், மின்னஞ்சல் முகவரியோடு. அது அப்படியே கெர்னலின் வரலாற்றில் நிற்கும், அழியாது. சோதித்தவர் என்று ஒருவர் இருந்தால் மாற்றத்துக்கு ஒரு பலம். எனக்கு இத்தா ஞாபகம் வந்தது. மூன்று மிதிகளையும் என் கண் முன்னால் அழுத்தினாரே, நல்லா இருக்கு என்றாரே. அவர் பெயரையும் முகவரியையும் போட்டு அனுப்பினேன். பத்திரிகையில், மாவட்டத்திலிருந்து ஒரு நிருபர் தொலைபேசியில் நாலு தகவல் சொல்வார். மேசையில் இருக்கிற நாங்கள் செய்தியாக எழுதி அவர் பெயரை மேலே போடுவோம். போடலாமா என்று கேட்க மாட்டோம். போட்டால் அவருக்குச் சந்தோஷம்தான். பதினொரு வருடம் அப்படிச் செய்த கை இது.

மூன்றாம் நாள் காலை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது இத்தாவின் போன். "மோளே, கீழே வா." வழக்கமாக அந்த அழைப்போடு ஒரு சாயாவும் சேர்ந்திருக்கும். அன்று இல்லை.

கீழே போனேன். இக்காவுக்கு அன்று வேலை இல்லை. முன்னறையில் பத்திரிகை விரித்து உட்கார்ந்திருந்தார். இத்தா கைபேசியை என் பக்கம் நீட்டினார்.

"இது யாரு?"

பார்த்தேன். பராமரிப்பாளர். மாற்றத்தின் அடியில் பெயருள்ள எல்லோருக்கும் அந்தப் பட்டியல் மின்னஞ்சலைத் தானாக அனுப்பிவிடும். அதை நான் யோசிக்கவே இல்லை.

"அந்தப் பகுதியைப் பார்த்துக்கிறவர் இத்தா."

"சாயிப்பு என்கிட்ட கேட்டிருக்கான். சிஸ்டம் உறங்கி எழுந்த பின்னே மூணு பெடலும் வேலை செய்யுதா, நீங்க செக் பண்ணீங்களான்னு. நான் எப்போ செக் பண்ணினேன்?" வெளிநாட்டுக்காரர் எல்லோரும் இத்தாவுக்குச் சாயிப்புதான்.

"அன்னைக்கு மூணையும் அமுக்கிப் பார்த்தீங்களே. நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"நல்லா இருக்குன்னு சொன்னது உன் மனசு நோகக் கூடாதுன்னு."

இக்கா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "நான் வெச்ச மீன் கறிக்கும் இவ அப்படித்தான் சொல்லுவா" என்றார்.

"நீங்க சும்மா இரிங்க." இத்தா என்னிடம் திரும்பினார். "நான் பன்னெண்டு வருஷம் இந்த ஜோலி செஞ்சவ. டாக்டர் ஒரு மருந்து பேரை முழுங்கிட்டுப் பேசினா நான் என்ன செய்வேன்? எனக்குத் தோணின பேரை எழுதுவேனா? இடம் விட்டு நேரம் போடுவேன். மூணு நிமிஷம் இருபது செகண்ட், கேக்கலை. அவ்வளவுதான். கேக்காததைக் கேட்டேன்னு என் பேருல ஒரு கடுதாசி போனதில்ல. நீ அனுப்பிட்டே."

மேசையில் நாங்கள் பெயர் போட்ட நிருபர்களில் எத்தனை பேர் மறுநாள் அதைப் படித்து, இதை நான் சொல்லவில்லையே என்று நினைத்திருப்பார்கள் என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது.

"மன்னிச்சுக்கோங்க இத்தா. எடுக்கச் சொல்லி எழுதிடறேன்."

"எழுது. பின்னே சாயிப்புக்குப் பதில் யாரு சொல்றது? கேட்ட கேள்வி கேட்டதுதானே? உறங்கி எழுந்தா வேலை செய்யாது."

"செய்யாதா?"

"செய்யாது. லுஹருக்குப் பிறகு ஒரு நாளும் செஞ்சதில்ல. நடுவுல உள்ளது மட்டும் ஓடும்."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். மதியம் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டதும் இத்தா மடிக்கணினியை மூடுவார். நாற்காலியில் உட்கார்ந்தபடி லுஹர் தொழுவார், சாப்பிடுவார். திரும்ப வந்து திறக்கும்போது ஓர மிதிகள் இரண்டும் செத்திருக்கும். மேசைக்கு அடியில் குனிந்து வயரை உருவித் திரும்பச் செருகுவார். சரியாகிவிடும். மாலை அசர் தொழுகைக்கு மறுபடி அதே கதை.

"அதுக்கும் என்னைப் போல வயசாச்சு, உச்சைக்கு மேல உறங்குதுன்னு நினைச்சேன்" என்றார்.

குனியும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். வயரைப் பிடுங்க ஒரு கை வேண்டும். அவருக்கு உதவியது ஒரு கைதான். எப்படிக் குனிவீர்கள் என்று கேட்டேன். நெற்றியை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்துக் காட்டினார். விளிம்பில் அந்த இடத்தில் பாலிஷ் மங்கியிருந்தது. எத்தனையோ தடவை அந்த மேசையைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்ததில்லை.

"ஏன் இத்தா சொல்லலை?"

"நீ இத்தனை பாடுபட்டு செஞ்சு தந்தே. அதுல போயி குத்தம் சொல்லணுமா?"

"என்கிட்ட மட்டும் தினம் சொல்லுவா" என்றார் இக்கா.

மாடிக்கு வந்து என் குறிப்புகளைப் பார்த்தேன். முப்பது தடவைக்கு மேல் சோதித்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் வயரைப் பிடுங்கிச் செருகி, மூன்று மிதிகளையும் அழுத்தி, சரி என்று குறித்திருந்தேன். செருகும்போது டிரைவர் அந்த எட்டு எண் கட்டளையை அனுப்பும், மிதிகள் விழிக்கும். என் சோதனையே மருந்தாக இருந்தது; நோய் தெரிய வழியே இல்லை. என் கணினியை நான் மூடுவதே கிடையாது. மூடினால் உறங்கும், உறக்கத்தில் பெடலுக்குப் போகும் மின்சாரம் அறுபடும், எழும்போது பெடல் எல்லாவற்றையும் மறந்து முதல் நிலைக்குப் போயிருக்கும். அதை யாரும் மறுபடி எழுப்பவில்லை. ஒரு நாளில் இரண்டு தடவை கட்டாயம் கணினியை மூடுகிற ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்திருக்க முடியும். கண்டுபிடித்து, பெடலின் சுபாவம் என்று பொறுத்துக்கொண்டிருந்தார்.

பொதுப் பட்டியலுக்கு எழுதினேன். சோதித்தவர் என்ற வரியை அவரைக் கேட்காமல் நான் சேர்த்தேன், நீக்கிவிடவும். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: உறங்கி எழுந்த பிறகு வேலை செய்யவில்லை. இதைச் சொன்னவர் பயன்படுத்துகிறவர். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சந்தில் ஒரு வண்டியிலிருந்து சுக்கு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பத்திரிகையில் இருந்தபோது நான் எழுதிய திருத்தங்கள் எல்லாம் மற்றவர்களுடையவை.

பதில் அன்றே வந்தது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி, சரிசெய்து அனுப்புங்கள் என்று ஒரே வரி. நான் பயந்தது போல யாரும் எதுவும் சொல்லவில்லை.

கணினி உறங்கி எழும்போது கெர்னல் ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு, உன் கருவிக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்கும். என் டிரைவர் அதுவரை அந்தக் கேள்விக்குப் பதிலே எழுதி வைக்கவில்லை. இப்போது எழுதினேன்: ஆம், அந்த எட்டு எண்களை மறுபடி அனுப்பு. பன்னிரண்டு வரி கூடியது. இத்தாவின் கணினியில் ஏற்றிவிட்டு, இந்த முறை நான் எதையும் பிடுங்கிச் செருகவில்லை. "நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் பார்த்த விதம் வேறு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இடது கையால் கோணல் மாணலாகக் கட்டம் போட்டார். மலையாளத்தில் நாள், நேரம், மூடியதற்குக் காரணம், மூன்று மிதிகளுக்கும் தனித்தனியாக டிக். லுஹர். அசர். கரன்ட் போனது. பாத்ரூம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் இரண்டு மணி நேரம் மூடி வைத்தது. பத்து நாளில் முப்பத்தி நாலு வரிசை. ஒரே ஒரு இடத்தில் மூன்று மிதிக்கும் இன்டு போட்டிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஒரு சொல்: இக்கா.

"தூத்து வாரும்போது வயரைத் தட்டிவிட்டுட்டாங்க" என்றார். "அது உன் கணக்குல வராது. என்றாலும் எழுதினேன்."

"நான் மூட்டையில என்ன குறைஞ்சாலும் இப்படித்தான் எழுதுவேன்" என்றார் இக்கா, பெருமையாக. "என்கிட்ட இருந்து படிச்சது."

தாளை முழுதும் படித்து முடித்தேன். அந்தப் பத்து நாளில் ஒரு தடவைகூட அவர் மேசைக்கு அடியில் குனிய வேண்டியிருக்கவில்லை. இக்கா தட்டிய வயரை இக்காவே குனிந்து செருகினார்.

"இத்தா, இப்போ உங்க பேரைப் போடலாமா?"

அவர் தாளைத் திரும்ப வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"போடு. முழுப் பேரா போடு. வாப்பா பேரும் சேர்த்து, பாஸ்போர்ட்ல உள்ள மாதிரி. என்ன செக் பண்ணினேன்னும் எழுது. மூடித் திறந்தது மட்டும்தான் பார்த்தேன், வேற கம்ப்யூட்டர்ல பார்க்கலைன்னு எழுது."

எழுதினேன். மூன்றாவது முறையாக அனுப்பினேன். ஆறு நாள் பதில் இல்லை. ஏழாம் நாள், எடுத்துக்கொண்டேன், நன்றி என்று வந்தது. கீழே போய்க் காட்டினேன்.

"இவ்வளவுதானா?" என்றார் இக்கா. "எங்க கோடவுன்ல ஒரு லோடு வந்து சேர்ந்தா டீயாவது உண்டு."

எடுத்துக்கொண்டது என்றால் அடுத்த நாளே கணினிக்கு வந்துவிடும் என்று இல்லை. கெர்னலின் அடுத்த பதிப்பு வெளியாக வேண்டும். அதை இத்தாவின் இயங்குதளத்தைத் தயாரிப்பவர்கள் எடுத்துச் சோதித்து, தங்கள் புதுப்பிப்பில் சேர்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் மறுநாள் காலை எட்டு மணிக்குள் நான் கீழே இறங்கி டிரைவரைப் புதிதாகக் கட்டி வைத்தேன். ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டேன். மூன்றாவது தாமதம் வரவில்லை. இத்தாவின் அளவு வாரா வாரம் கூடியது. முதல் மாதத்தில் இரண்டு மணி நேரம் எடுத்த பதிவை நாலாம் மாதத்தில் எழுபது நிமிடத்தில் முடித்தார். அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலண்டர் தாளின் மிச்ச இடத்தில் எழுதியிருந்தது.

ஐந்து மாதம் கடந்து, மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை புதிய கெர்னல் வந்தது. நான் கட்டிய டிரைவரை இத்தாவின் கணினியிலிருந்து மொத்தமாக நீக்கினேன். பிறகு மூடினோம், திறந்தோம். அவர் இடது மிதியை அழுத்தினார். டாக்டரின் குரல் பின்னால் ஓடியது. வலது மிதி. முன்னால் தாவியது. எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். இத்தா இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். காதில் ஹெட்போன் இருந்தது. டாக்டர் ஒரு மருந்தின் பெயரை முழுங்கியிருந்தார். இடது மிதியை இன்னும் இரண்டு தடவை அழுத்திக் கேட்டார். பிறகு எழுதினார். இடம் விடவில்லை.

ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய பட்டியலில் பெயர் ஏறியது. அன்று இக்கா வைத்த மீன் கறியை இத்தா நல்லா இருக்கு என்றார். நம்பலாமா என்று இக்கா என்னிடம் கேட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். மழை ஓய்ந்து, ஓணத்துக்கு வாங்கிய பூக்கள் படியில் வாடிக்கிடந்த ஒரு காலையில் போன் வந்தது.

"மோளே, கீழே வா. சாயா போட்டிருக்கேன்."

போனேன். கைபேசியை நீட்டினார். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் எழுதியிருந்தார். அதே தயாரிப்பாளரின் பெடல், அடுத்த மாடல், எண் ஒன்று மாறியிருக்கிறது. அவருடைய கணினியில் நடு மிதி மட்டும் வேலை செய்கிறது. கெர்னலின் வரலாற்றில் தேடியபோது சோதித்தவர் என்று இத்தாவின் பெயரையும் முகவரியையும் பார்த்தாராம். எழுதியவளான எனக்கு அவர் அனுப்பவில்லை. இத்தாவுக்குத்தான் அனுப்பியிருந்தார்.

"உன்னால ஆகுமா?"

"அந்த ஒரு எண்ணைச் சேர்த்தா போதும்னு நினைக்கிறேன். ஒரு வரிதான்."

"நினைக்காதே. அந்த ஆளை செக் பண்ணச் சொல்லு." சாயாவை என் பக்கம் தள்ளினார். "நான் ஏற்கனவே பதில் போட்டுட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"மூடித் திறந்து பார்த்தீங்களான்னு."